வெள்ளிமலை பஸ்ஸில் காலியாகப் போன சீட்டு

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் என் அப்பாவைத் தெரியாத நடத்துநர் கிடையாது. பெயர்தான் தெரியாது. ‘துண்டுக்காரர்’ என்பார்கள். பெயர் சிங்கராயர். அரசுப் பள்ளி ஒன்றில் ஆய்வக உதவியாளர். அந்த வேலையில் அவர் என்ன செய்கிறார் என்பது எனக்கோ அக்கா ஜெஸிக்கோ இன்றுவரை சரியாகத் தெரியாது. நின்றும் நிற்காமலும் உள்ளே நுழைகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டு பிடிப்பதுதான் அவருடைய தொழில் என்று நினைத்துத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

எங்கள் பக்கத்தில் இதற்குச் சட்டப்புத்தகம் தேவையில்லை. துண்டோ கூடையோ குடையோ, ஜன்னல் வழியாக எது முதலில் விழுகிறதோ, இடம் அதன் சொந்தக்காரருக்கு. பஸ்ஸில் எண்பது பேர் பிதுங்கினாலும் அதை நகர்த்திவிட்டு ஒருவரும் உட்கார மாட்டார்கள். முறைப்பார்கள், முனகுவார்கள், ஆனால் உட்கார மாட்டார்கள். ஊரே செய்கிற காரியத்தை அப்பா ஒரு பாடத்திட்டமாக மாற்றியிருந்தார். கைக்குட்டை ஆகாது, காற்றில் திரும்பி வந்துவிடும். துண்டை லேசாக ஈரமாக்கி நான்காக மடித்து, தோளுக்குக் கீழிருந்து வீச வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: அப்பா ‘போடு’ என்று கத்தினால் யோசிக்கக் கூடாது. கையில் இருப்பது அந்த நொடியே போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பயிற்சி. பக்கத்து வீட்டு வேன் வாசலில் நிற்கும். அப்பா பத்தடி தள்ளி நின்று கத்துவார், நானும் ஜெஸியும் ஓடிக்கொண்டே போடுவோம். ஜெஸிக்கு இதில் ஆர்வமில்லை. எனக்கு ஏழு வயதிலேயே மூன்றாவது ஜன்னல் சுலபமாக வந்தது. வேன்காரர் தன் சீட்டில் எங்கள் வீட்டுத் தலையணை உறைகளைப் பார்த்தும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அம்மா ஆனந்தமேரி இந்தக் குடும்பத்துக்குள் வந்ததே ஒரு சீட்டுத் தகராறில்தான். உளுந்தூர்பேட்டையில் ஒரு பஸ்ஸில் அப்பா துண்டு போட்டார். உள்ளே ஏறிப் பார்த்தால் அதன் மேல் ஒரு குடை. குடைக்குப் பின்னால் அம்மா. கள்ளக்குறிச்சி வரை இருவரும் நின்றுகொண்டே சண்டை போட்டார்கள். சீட்டும் காலியாகவே வந்தது. எட்டு மாதத்தில் கல்யாணம். யாருடையது முதலில் விழுந்தது என்பது இன்னும் தீரவில்லை.

அப்பாவுக்குப் பஸ் மட்டும் போதாது. கல்யாணப் பந்தியில் எந்த ஆள் முதலில் எழுவார் என்பதை, அவர் ரசத்துக்குக் கை நீட்டும் விதத்திலேயே கண்டுபிடித்து நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பார். நான் பிறந்த அன்று, அம்மாவைப் பிரசவ அறையிலிருந்து கொண்டுவருவதற்கு முன்பே, வார்டில் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த கட்டிலில் துண்டைப் போட்டுவிட்டார். அந்தக் கட்டிலில் ஏற்கெனவே ஒருவர் படுத்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதரின் வாழ்க்கையில் மிகப் பெரிய நாள் போன பிப்ரவரியில் வந்தது.

ஜெஸி ஐந்து வருடமாக ஒப்பந்த நர்ஸ். நிரந்தர வேலைக்கான பட்டியலில் அவள் பெயர் வந்திருந்தது. சேலத்தில் மதியம் இரண்டு மணிக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் சான்றிதழ்கள் இல்லாமல் வந்தால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். சேலத்துக்கு இரண்டரை மணி நேரம். ஜெஸியையும் துணைக்குப் போகிற அம்மாவையும் அப்பா காலை ஐந்தரைக்கே பேருந்து நிலையத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். வழியனுப்ப நான் ஸ்கூட்டரில் வந்திருந்தேன்.

அன்று முகூர்த்த நாள். பட்டுப்புடவைகளும் பித்தளைச் சாமான்களுமாகக் கூட்டம். வந்த இரண்டு சேலம் பஸ்களும் வழியிலிருக்கும் சின்னசேலம் வரைக்கும்கூட இடமில்லாமல் போயின. அப்பா பின்பக்க ஜன்னலுக்கு, நான் முன்பக்க ஜன்னலுக்கு என்று பிரிந்து நின்றோம். ஜெஸி புடவையைச் சரிசெய்துகொள்ளத் தன் பச்சை ஜிப் பையை என் கையில் கொடுத்தாள். பூச்சிமருந்துக் கடையில் இலவசமாகக் கொடுத்த பை. அதற்குள்தான் அவளுடைய பதினேழு சான்றிதழ்கள்.

‘சேலம்’ என்ற பலகையோடு ஒரு பஸ் திரும்பியது. கண்ணாடி முழுதும் தள்ளியிருந்த மூன்றாவது ஜன்னல், எனக்கு நேர் எதிரே.

“போடு!” என்றார் அப்பா.

போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு சுத்தமாக என் வாழ்நாளில் போட்டதில்லை. பை கம்பியில் படாமல், சீட்டின் நடுவில், கைப்பிடி மேலே பார்க்க உட்கார்ந்தது.

பெருமையோடு திரும்பினேன். ஜெஸி என் வெறுங்கையைப் பார்த்தாள்.

“அடிப்பாவி. பை எங்கடி?”

நான் பதில் சொல்வதற்குள் நடத்துநர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார். “சேலம் இல்ல, சேலம் இல்ல! பலகைய மாத்தல! வெள்ளிமலை, வெள்ளிமலை!”

சேலம் கூட்டம் மொத்தமாகப் பின்னால் சரிந்தது. எதிர்ப்பக்கத்தில் காத்திருந்த மலைக் கூட்டம் மூட்டைகளோடு மொத்தமாக முன்னால் பாய்ந்தது. நடுவில் நாங்கள். நான் முட்டி மோதி மூன்றாவது ஜன்னலுக்கு வருவதற்குள் நேரமாகிவிட்டது என்று அந்த பஸ் கிளம்பியே விட்டது.

அம்மா மட்டும்தான் நிதானமாக இருந்தாள். “ஏங்க, நானும் ஜெஸியும் சேலத்துக்குப் போய்க்கினு இருக்கோம். நீங்க பையப் புடிச்சிக்கினு அங்க வந்துருங்க. நின்னு அழுதா பை வராது.”

அடுத்த நிமிடம் அப்பா என் ஸ்கூட்டரின் பின்னால். வண்டி நகரும்போதே போன் போட்டார். வடக்கனந்தலில் டீக்கடை வைத்திருக்கும் பாவாடை அவருடைய பள்ளித் தோழர். பஸ் அந்த வழியாகத்தான் போகும்.

“பாவாடை, வெள்ளிமலை பஸ்ஸு வரும். மூணாவது ஜன்னல்ல பச்சைப் பை. ஏறி எடுத்துக்கோ!”

“இன்னாடா, பாம் கீம் இருக்குதா உள்ள?”

“எம் பொண்ணு உசுரு இருக்குது. எடுறா!”

வடக்கனந்தல் போய்ச் சேர்ந்தபோது பாவாடை கடை வாசலில் சட்டைப் பொத்தான் இரண்டு அறுந்து, தலை கலைந்து நின்றுகொண்டிருந்தார். கையில் பை இல்லை.

“நல்ல வேலை குடுத்தடா சிங்கராயா. கைய வெச்சதும் ஒரு பொம்பள ‘எவன்டா நீ, சீட்டு போட்ட பையத் தூக்கற?’ன்னு ஒரே கத்து. திருடன்னு மொத்த பஸ்ஸும் எந்திரிச்சிருச்சி. முப்பது வருசமா டீ குடிச்ச கண்டக்டரே என்ன எறக்கி வுட்டுட்டாரு.”

“நீ சொல்றதுதானே, என் சிநேகிதன் பைன்னு?”

“சொன்னேன். ‘போட்டவரு வரட்டும், அவருகிட்ட குடுக்கறோம்’னுட்டாங்க. உன்னாட்டம் ஆளுங்க ஊர கெடுத்து வெச்சிருக்கீங்க.”

அப்பாவின் முகத்தில் ஒரு கணம் பயம் போய்ப் பெருமை வந்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன். “சரியாத்தான் சொல்லிருக்காங்க” என்றார்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, மலை ஏற ஆரம்பித்தோம். என் ஸ்கூட்டர் காய்கறி வாங்கப் போகிற வண்டி. இரண்டாவது வளைவிலேயே மூச்சு வாங்கியது. அப்பா கீழே குதித்துக்கொண்டார். நேர்ச்சாலையில் ஏறிக்கொள்வார், வளைவு வந்தால் இறங்கி ஓடி வருவார். ஐம்பத்தேழு வயது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “நிறுத்தாத, நிறுத்தாத, நான் வந்துக்கினுதான் இருக்கேன்!” மேலே எங்கோ பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு வளைவு முன்னால் கேட்டது. நான் அழுதுகொண்டே வண்டி ஓட்டினேன். சிரித்துக்கொண்டும் ஓட்டினேன் என்பதை ஜெஸியிடம் இதுவரை சொல்லவில்லை.

வெள்ளிமலைக்குப் போனபோது மணி எட்டே முக்கால். பஸ் நின்றிருந்தது. அதைச் சுற்றிப் பதினைந்து இருபது பேர். நடுவில், மளிகைச் சாமான் நிறைந்த பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா. வடக்கனந்தலில் பாவாடையைப் பார்த்துக் கத்தியவர். பெயர் ராஜாம்பாள். பச்சைப் பை அவர் தோளில்.

“எம்மா, அது எங்க பை!” என்று ஓடினேன்.

ராஜாம்பாள் ஒரு அடி பின்னால் போனார். “கீழ ஒருத்தன் இதையேதான் சொன்னான். நீ யாரு?”

“நான்தாங்க போட்டேன்.”

“போட்டவ ஏன் ஏறல? இத்தினி கூட்டத்துல அந்த சீட்டு காலியாவே வந்துச்சி தெரியுமா? கொடத்த வெச்சிக்கினு மலை முச்சூடும் நின்னுக்கினே வந்தேன் நானு. யாரோ முடியாதவங்க போட்டிருப்பாங்க, நடுவுல எங்கியாவது ஏறுவாங்கன்னு.”

ஐம்பது கிலோமீட்டர். கால் வைக்க இடமில்லாத பஸ். ஒரு சீட்டு முழுவதும் ஒரு ஜிப் பை உட்கார்ந்துகொண்டு போயிருக்கிறது.

அப்போதுதான் அப்பா மூச்சிரைக்க ஓடி வந்து சேர்ந்தார். கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த ஒருவர் அவரைப் பார்த்ததும் குதித்தார்.

“இந்த ஆளா? தீபாவளிக்கு மொத நாளு உளுந்தூர்பேட்டையில, ஒரு காலு உள்ள வெச்சிட்டேன், உக்கார வேண்டியதுதான் பாக்கி. தலைக்கு மேல பறந்து வந்து வுழுந்துச்சி இவரு துண்டு! கள்ளக்குறிச்சி வரைக்கும் கம்பியப் புடிச்சிக்கினு வந்தேன்!”

அவர் பெயர் பொன்னுரங்கம். அப்பாவுக்கு அவரை ஞாபகமே இல்லை. “அப்பிடிங்களா? எந்த சீட்டு?” என்று கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார்.

“எந்த சீட்டா? கேக்குறாரு பாரு! ஓட்டுநருக்குப் பின்னால, ஜன்னலோரம்!”

“அது நல்ல சீட்டுங்க” என்றார் அப்பா.

பொன்னுரங்கம் ராஜாம்பாளிடம் திரும்பினார். “எம்மா, பையக் குடுத்துரு. இவருதான். இந்த ஜில்லாவுல இவர வுட்டா இப்பிடிப் போட ஆள் கெடையாது. எங்க வேணாலும் வந்து சத்தியம் பண்றேன்.”

துண்டுக்காரரை நடத்துநருக்கும் தெரியும், பெயர்தான் தெரியாது. பையைத் திறந்து மேலே இருந்த சான்றிதழில் பெயரைப் படித்தார். அப்பாவின் பெயரும் ஒத்துப்போனது. ராஜாம்பாள் பையைக் கொடுத்தார். கொடுத்த கையோடு என் தலையில் ஒரு குட்டு. “படிச்ச பேப்பரையாடி தூக்கிப் போடுவ? செருப்பப் போடறதுதானே!”

வந்த வழியே இறங்கினால் முகூர்த்தக் கூட்டத்தில் மறுபடியும் சேலம் பஸ் கிடைக்குமா தெரியாது. மலையைக் கடந்து அந்தப் பக்கம் கருமந்துறை. அங்கிருந்து சேலத்துக்கு பஸ் உண்டு என்று பொன்னுரங்கமே வழி சொன்னார். “பத்தரைக்கு ஒரு வண்டி. அதுல யாரு சீட்டையும் புடுங்காதய்யா” என்று பின்னாலிருந்து கத்தினார்.

கருமந்துறையில் ஒரு பஞ்சர் கடையில் ஸ்கூட்டரை விட்டோம். பஸ் வந்தது. கூட்டம். நல்ல ஜன்னல் ஒன்று திறந்திருந்தது. அப்பாவின் தோளில் துண்டு இருந்தது. அவர் அதை எடுக்கவே இல்லை. பையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார். கம்பியைப் பிடிக்கக் கை இல்லாததால் மூன்று மணி நேரமும் நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சேலத்தில் அந்த அலுவலக வாசலுக்கு ஓடி வந்து சேர்ந்தபோது மணி ஒன்று ஐம்பது. அம்மா கேட்டுக்கு வெளியே, ஜெஸி கேட்டுக்கு உள்ளே. காவலாளி கையில் கேட்டின் தாழ்ப்பாள். ஜெஸி கம்பிக்கு நடுவில் கையை நீட்டினாள். பையை வாங்கினாள், ஓடினாள்.

இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அப்பா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அம்மா அவர் காலைப் பார்த்தாள். ஒரு செருப்பின் வார் மலையில் எங்கோ அறுந்திருந்தது. “ஓடுனீங்களா?” என்றாள். “கொஞ்சம்” என்றார்.

நான்கு மணிக்கு ஜெஸி வெளியே வந்தாள். நடையிலேயே தெரிந்துவிட்டது.

“ஓகேப்பா! ஆர்டர் வூட்டுக்கு வந்துரும்னு சொல்லிட்டாங்க!”

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் கத்திய கத்தலில் காவலாளி எழுந்து நின்றார். அப்பா மட்டும் புருவத்தைச் சுருக்கினார்.

“எல்லாத்தையும் பாத்தாங்களா?”

“நாலு கேட்டாங்கப்பா. டக்கு டக்குன்னு சீல் குத்திட்டாங்க. மூணு நிமிசம்.”

“பதினேழுல நாலா? அந்த டைப்ரைட்டிங் சர்டிபிகேட்டு? முதலுதவிப் பயிற்சி?”

“அதெல்லாம் யாரும் கேக்கலப்பா.”

“கேக்கலன்னா நீ காட்டக் கூடாதா? ஒரு மலைய சுத்தி வந்திருக்குது!”

உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவரை மூன்று பேருமாகப் பிடித்து நிறுத்தினோம். அவர் அலுவலகத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து பையைத் திறந்தார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை எடுத்தார். ஒவ்வொரு பாடமாக விரல் வைத்து, வாய்விட்டுப் படித்தார். பிறகு பன்னிரண்டாம் வகுப்பு. பிறகு நர்சிங், வருடம் வருடமாக. போகிறவர்களும் வருகிறவர்களும் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

“உயிரியல்ல நூத்தித் தொண்ணூத்தி மூணா?” என்றார், பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியலை மறுபடியும் எடுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்து. “எங்கிட்ட சொல்லவேயில்லியே?”

“சொன்னேம்ப்பா. நீங்க அப்ப பஸ்ஸுக்குள்ள துண்டு போட்டுக்கினு இருந்தீங்க.”

எதிரே கள்ளக்குறிச்சி பஸ் வந்து நின்றது. பாதி காலி. “ஏங்க, பஸ்ஸு! சீட்டு கெடக்குது!” என்றாள் அம்மா.

“போவட்டும், அடுத்தது வரும்” என்று சொல்லிவிட்டு அப்பா ஏழாவது சான்றிதழை எடுத்தார்.