மலையிலேர்ந்து விழாத ரோபோ

இன்னிக்கு விழுப்புரத்துல ஒரு பொம்மைக் கடை. சாகசக் கதை படிச்சுக்கினே ரோபோ செய்யக் கத்துக்கிற செட்டாம்.

"புதுசுங்க, இப்பதான் வந்திருக்கு"ன்னாரு கடைக்காரர். நான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன்.

எண்பத்தாறுல, எங்க திண்டிவனம் வீட்டுல, அத்தா குவைத்துலேர்ந்து கொண்டாந்த ரெண்டு பேட்டரி பொம்மைக் காரைப் பிரிச்சு நூர் அக்கா ஒரு ரோபோ செஞ்சா. அது மேல ஒரு பால்மாவு டப்பா சுத்தும். டப்பாவை ஒரு ஒயர் தொட்டுக்கினே இருக்கும்; அதுக்கு அடியில டேப் ஒட்டின இடம் வந்தா கரண்ட் போவாம ஒரு பக்கச் சக்கரம் நின்னுடும், ரோபோ திரும்பும். அதான் எங்க புரோகிராம்.

அக்கா கதை சொல்லுவா. மலை மேல கெடக்குற கேப்டனுக்கு ரோபோ மருந்து கொண்டு போவுது. மேசைதான் மலை. ரோபோ மேசையிலேர்ந்து விழுந்தா கதையிலயும் விழுந்துடும்.

"கேப்டன் செத்துட்டாரா?"

"இன்னும் இல்ல. ஜல்தி டேப்பை மாத்தி ஒட்டு."

அழுதுக்கினே ஒட்டினேன். ஒரு சாயங்காலம், மேசை விளிம்பு வரைக்கும் போன ரோபோ, யாரும் தொடாம, நான் ஒட்டின டேப்பாலயே தானா திரும்புச்சு.

கதை அக்காவோடது. ஆனா அவதான் என் கையைப் புடிச்சுக்கினு மெதுவாக் கேட்டா: "அப்புறம்?"

கடையில பார்த்த செட்டோட பெட்டி மேலயே கதை முடிவை அச்சடிச்சிருக்காங்க. வாங்கலாமா வேணாமா, நீங்களே சொல்லுங்க.