தொப்பிக்குள் ஒரு மேடு

மண்டையோட்டக்கா என்று சொன்னால்தான் அவளை யாருக்கும் தெரியும். அருங்காட்சியகத்தில் மனிதன் உருவான கதையைச் சொல்லும் கூடத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்கு மண்டையோட்டு வார்ப்புகளைக் காட்டி விளக்குவது அவள் வேலை. எதிரே வருகிறவர் தலையைக் கண்ணாலேயே அளந்துவிடுவாள். கட்டிக்கொள்ளப் போகிறவரைப் பற்றித் தோழியிடம் அவள் முதலில் சொன்னதே, "மோவாய் எடுப்பா இருக்குடி. குரங்குக்கு அது கிடையாது" என்பதுதான்.

மாசமாக இருந்தபோது மாமியார் ஒருநாள் மனம் பொறுக்காமல் சொன்னாள்: "வயித்துல பிள்ளைய வெச்சுக்கிட்டு தினமும் அந்த மண்டையோட்டு முகத்துல முழிக்கணுமாம்மா?" இவள் சிரித்தாள். படித்தவளாயிற்றே, சிரிக்காமல் என்ன செய்வாள்!

பெண் பிறந்தது. ஒரு மாதம் போயிருக்கும், குளிப்பாட்டும்போது கை உச்சந்தலையில் நின்றுவிட்டது. நெற்றியிலிருந்து பின்னந்தலைவரை நடுவில் ஒரு மேடு, வரப்பு மாதிரி. தலையும் ஒடுங்கி நீண்டிருந்தது. ஆண் கொரில்லாவின் மண்டையோட்டில் அவள் தினமும் தொட்டுக் காட்டும் முகடு கண்முன் வந்தது. மாமியார் சொன்னது பலித்துவிட்டதோ? மகராசி, படித்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அன்றிலிருந்து குழந்தைக்குத் தொப்பி.

"இந்த வெயில்ல எதுக்குத் தொப்பி?" என்றார் பஸ் ஓட்டும் கணவர்.

"சளி பிடிச்சுக்கும்."

மாமியார் கழற்றப் போனால், "நான் பாத்துக்கறேன் அத்தை" என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொள்வாள். குளிப்பாட்டக்கூட யாரையும் விடவில்லை.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போன அன்று, பிள்ளைகள் முன்னால் பழைய பாட்டையே பாடினாள். "மனுஷனோட முன்னோர்ல சிலருக்கும் இந்த முகடு இருந்துச்சு. இது தாடைத் தசை பிடிச்சுக்கற இடம். வளர்ந்த ஆண் கொரில்லா கடிச்சு மெல்லுற மெல்லுக்குத்தான் இவ்வளவு பெருசா இருக்கு. குட்டிக்கு இருக்காது."

சொன்ன வாய் அப்படியே நின்றது. அவள் பிள்ளைக்கு ஒரு பல்கூட முளைக்கவில்லை. பாலைத் தவிர எதையும் குடித்ததில்லை. அப்படியானால் அந்த மேடு முகடே இல்லை. பக்கத்திலிருந்த மனிதக் குழந்தையின் மண்டையோட்டு வார்ப்பைப் பார்த்தாள். உச்சி நடுவே, மூளை வளர இடம்விட்டு, இரண்டு எலும்புகளும் ஒட்டாமல் விலகி நின்றன. தன் பெண்ணின் தலையில் அந்த இடத்தில்தான் மேடு. குரங்கு பயம் போன கையோடு அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்தது.

மறுநாள் கணவரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "உச்சி எலும்பு முன்னாடியே ஒட்டிக்கிச்சு. ஆபரேஷன் பண்ணிடலாம், பிள்ளை நல்லா இருப்பா. எப்போ கவனிச்சீங்க?" என்றார்.

"நாலு மாசம் ஆச்சு."

"அப்பவே வந்திருந்தா சின்னக் கீறலோட முடிஞ்சிருக்கும். இப்போ மண்டைய அகலமாத் திறக்கணும்."

கணவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவர் எழுந்து வந்து, அவள் மடியிலிருந்த குழந்தையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.