டேப் ரிக்கார்டருக்குக் காட்டிய சூடம்

டேப் ரிக்கார்டருக்குச் சூடம் காட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன். திருத்தங்கலில் என் மதினி வீட்டு முன்னறையில், ஒரு மர ஸ்டூலின் மேல் இருந்த கறுப்பு டேப் ரிக்கார்டருக்கு முன்னால், எதிர்வீட்டுக்காரி எவர்சில்வர் தட்டில் சூடத்தை ஏற்றி மூன்று சுற்றுச் சுற்றினாள். அறையில் இருந்த ஏழெட்டுப் பெண்களும் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்தப் பெட்டி அதுவரை பேசிக்கொண்டிருந்தது, பல நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவின் ஏதோ ஒரு மடத்தில் இருந்த கத்தோலிக்கத் துறவி எழுதிய நூலை. நான் வருவாய்த் துறையில் கீழ்ப்படியில் தொடங்கி, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். எந்தச் செயலுக்கு எந்த விதி, எந்த மனு எந்த மேசைக்குப் போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதற்கான விதி மட்டும் எனக்குத் தெரியவில்லை.

மதினி என் அண்ணனின் மனைவி. அண்ணன் அச்சகத்தில் காலண்டர் அடிக்கும் எந்திரம் ஓட்டியவர். மதினி பள்ளிக்கூட டீச்சர், கத்தோலிக்கக் குடும்பம். இருவரும் ஒருவரையொருவர் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டபோது எங்கள் வீட்டில் பெரியவர்கள் பல வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருவரும் எதையும் திருப்பிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதினி பூசைக்குப் போனால் அண்ணன் மாதா கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டு நிற்பார். மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு அண்ணன் போனால் மதினி அவருடைய செருப்புக்குக் காவல் இருப்பார். யாரும் யாரையும் உள்ளே இழுத்ததில்லை.

மதினிக்குக் கண்ணில் அழுத்த நோய் வந்தது. பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், போனது திரும்பாது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். வேறு யாராவது என்றால் கண் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டிய ஊர்களைப் பட்டியல் போட்டிருப்பார்கள். மதினி கடைக்குப் போய்க் காலியான கேசட்டுகளை வாங்கிவந்தார். அவருடைய அப்பா விட்டுப்போன பழைய ஞான நூல்கள் பெட்டி நிறைய இருந்தன. கடவுளைச் சர்வேசுரன் என்றும் உயிரை ஆத்துமம் என்றும் எழுதிய காலத்துத் தமிழ். தினமும் சாயங்காலம் பெட்டியை முடுக்கிவிட்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல, நிறுத்தி நிறுத்தி வாசித்துப் பதிந்துகொண்டார்.

“இதையெல்லாம் யாரு பேசிக் கேசட்டுல விக்கப் போறாக? நானே வாசிச்சு வச்சுக்கிடுறேன் தம்பி. பெறகு நானே கேட்டுக்கிடுவேன்” என்றார் என்னிடம்.

சேமநல நிதி என்றால் என்னவென்று இந்தத் துறையில் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். அன்றுதான் சரியான உதாரணம் கிடைத்தது.

பார்வை முழுவதும் போவதற்கும் அண்ணன் காலமாவதற்கும் அதிக இடைவெளி இருக்கவில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. அண்ணன் கட்டிய முன்னறை அகலமானது, நிழலானது. அந்தத் தெருப் பெண்கள் பட்டாசுக்கான காகிதக் குழாய் சுற்றுகிறவர்கள். ஏஜெண்டு வேனில் கொண்டுவந்து போடும் தாளை, இரும்புக் கம்பியில் சுற்றிப் பசை தடவி உருவி எடுத்துக் காயவைக்க வேண்டும். வெடிமருந்து கிடையாது, வெறும் காகிதம்; அதனால் வீட்டிலேயே செய்யலாம். தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருந்தவர்களை மதினி தன் முன்னறைக்குக் கூப்பிட்டார். அவருக்கும் பேச்சுத்துணை ஆயிற்று. நானும் ஓய்வு பெற்ற புதிது. சிவகாசியிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் பஸ் ஏறி அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். வீட்டில் என்னை யாரும் தேடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ரேடியோவில் சினிமாப் பாட்டுத்தான். பாட்டின் வேகத்துக்குக் கைகள் ஓடும். ஒருநாள் மின்சாரம் வந்து போய் ரேடியோ கரகரத்தது. மதினி அதை அணைத்துவிட்டுத் தன் கேசட் ஒன்றைப் பேட்டரியில் போட்டார். அவருடைய பழைய குரல் சர்வேசுரனைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அறையில் கம்பிச் சத்தம் நின்றுபோனது. கண் தெரியாத மதினிக்கு அதுதான் முதலில் தெரிந்தது.

“என்ன, யாரும் சுத்தலையா?”

“சாமி சமாச்சாரம் படிக்கிறாகள்ல டீச்சர். கை வேலை பாத்துக்கிட்டா கேக்குறது?” என்றாள் எதிர்வீட்டுக்காரி. பசைக் கையைத் துடைத்து, சேலையைத் தோளில் இழுத்து விட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கோயிலில் புராணம் படிக்கும்போது அவர்கள் உட்காரும் விதம் அது. எந்தச் சாமி என்பது அடுத்த கேள்வி. கை நிற்க வேண்டும் என்பது முதல் மரியாதை.

“மடத்துல அவுகளே வேலை பாத்துக்கிட்டுத்தான் கேப்பாக. நீங்க சுத்துங்கத்தா” என்று மதினி எவ்வளவோ சொன்னார். ஒருத்தியும் கேட்கவில்லை. அன்றிலிருந்து தினமும் பிற்பகலில் கேசட்டின் ஒரு பக்கம் ஓடி முடியும்வரை குழாய் வேலை கிடையாது. தொழிற்சாலைச் சட்டத்தில் இடைவேளைக்கு இடமுண்டு. வீட்டில் உட்கார்ந்து குழாய் சுற்றுகிறவளுக்கு எந்தச் சட்டத்தில் இடைவேளை? எந்தத் துறையும் தராத அந்த ஓய்வைச் செத்துப்போன ஒரு ஐரோப்பியச் சாமியார் தந்தார்.

கேட்பது என்றால் வாயை மூடிக்கொண்டு கேட்பது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு இடத்தில், மடத்துச் சகோதரி ஒருத்தி இன்னொருத்தி கூட்டிய தரையில் தூசி பார்ப்பதைப் பற்றி வந்தது.

“ஏ, இது நம்ம தெருவச் சொல்லுதுடி.”

“உன்னயத்தான் சொல்லுது. நேத்து என் வாசலப் பாத்து மொகத்தச் சுளிச்சியே.”

“அம்புட்டுத் தூரத்துல இருக்கவருக்கு இவ வாசல் எப்பிடித் தெரிஞ்சது?”

மதினி சிரித்து முடியும்வரை பெட்டியை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது.

சூடம் காட்டிய செய்தி மாதா கோயில்வரை போய்விட்டது. பங்குச் சாமியார் இளைஞர், நல்லவர். சங்கடத்தோடு வந்து உட்கார்ந்தார். ஒலிக்கருவிக்கு ஆராதனை செய்வது முறையல்ல என்றார். இந்த நூல்கள் எல்லாம் பழைய காலத்துக் கண்டிப்பு, இப்போது எளிய தமிழில் இசையோடு அழகான சி.டி. வந்திருக்கிறது, தானே கொண்டுவந்து தருவதாகவும் சொன்னார்.

“சூடம் இனிமே கிடையாது ஃபாதர். அன்னிக்கே நிறுத்தச் சொல்லிட்டேன். காகிதம் கெடக்குற வீடு, ஊரு இந்த ஊரு. ஆனா அவுக பெட்டியக் கும்பிடல. கேட்டதுக்கு மரியாத செஞ்சாக. பூசையில பிரசங்கத்துக்கு அந்த மரியாத கிடைக்குதா, சொல்லுங்க.”

சாமியார் காப்பியைக் குடித்தார்.

“சி.டி.யக் கொண்டாங்க, கேப்பேன். ஆனா இத விட மாட்டேன். இது என் கண்ணு.”

சரி என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தப் பண்பு எல்லோருக்கும் இருந்திருக்கலாம். தீபாவளிச் சீசன் நெருங்கிய நேரம், ஒரு பிற்பகலில் சப் இன்ஸ்பெக்டர் ஒருவர் இரண்டு காவலர்களோடு வந்து நின்றார். அவர்களுக்குப் பின்னால் ஏஜெண்டு. கூலிக்கு வரும் பெண்களுக்குக் கேசட் போட்டு மதம் மாற்றுகிறார்கள் என்று பொதுமக்கள் மனுக் கொடுத்திருக்கிறார்களாம்.

“மனுவுல யார் கையெழுத்து?” என்றேன்.

“பொதுமக்கள்னு இருக்கு.”

“பொதுமக்களுக்குத் தகப்பனார் பேர், கதவு எண் ஏதாவது உண்டா? பேரில்லாத மனுவை என்ன செய்யணும்னு உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பாங்களே.”

சப் இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு காவலர் கேசட்டுகளை எடுக்கக் கையை நீட்டினார். மதினி சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து ஸ்டூலின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டார். அந்தக் கேசட்டுகள் ஸ்டேஷன் பீரோவுக்குள் போனால் என்ன ஆகும் என்பது அங்கிருந்தவர்களில் எனக்கும் போலீஸ்காரர்களுக்கும் மட்டுமே நன்றாகத் தெரியும். கைப்பற்றுவதென்றால் வழக்கு எண் வேண்டும், மகஜர் எழுத வேண்டும், உள்ளூர்ச் சாட்சிகள் இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும், மதினிக்கு நகல் தர வேண்டும், ஒவ்வொரு கேசட்டிலும் என்ன இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். கடைசியில் சொன்னது விதியில் உண்டா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். சொன்ன குரலில் சந்தேகம் இல்லை.

“கேட்டுப் பாருங்க சார். எடுத்துட்டுப் போறதுக்கு முந்தி கேட்டுட்டாவது போங்க” என்றார் மதினி. பெட்டியை முடுக்கினார். பெண்கள் பழக்கத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். சப் இன்ஸ்பெக்டரும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. கோபத்தை அடக்குவதைப் பற்றி ஒரு பகுதி ஓடியது.

“இதக் கேட்டு யாராச்சும் மாறிட்டீகளா?” என்று சப் இன்ஸ்பெக்டர் பெண்களைக் கேட்டார்.

“எங்க சார் மாறுறது? கட்டுன புருசனயே டீச்சர் கடைசிவரைக்கும் மாத்தல. வெள்ளிக்கிழம தவறாம மாரியாத்தா கோயிலுக்குப் போன மனுசன்” என்றாள் எதிர்வீட்டுக்காரி. “நாங்கதான் இந்தப் பொட்டிக்குச் சூடம் காமிச்சுப்புட்டோம். அதுக்கு எதும் கேசு உண்டா?”

மதம் மாறியது டேப் ரிக்கார்டர் மட்டும்தான் என்று நான் சொன்னேன். காவலர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் ஏஜெண்டுக்குப் பொறுக்கவில்லை.

“சார், இப்ப நீங்களே பாக்குறீகல்ல! அம்புட்டுப் பேரும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்துருக்காக. டெய்லி இப்பிடித்தான். கம்பெனியில லோடு கேக்குறான், ஆர்டர் நிக்குது, சீசன் போச்சுன்னா நான் எங்க போவேன்?”

பொதுமக்கள் யார் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. சப் இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு, “இதுக்கா என்னைய இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தீரு?” என்று அவரைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் ஏஜெண்டு தெருமுனையில் நின்று, டீச்சர் வீட்டில் உட்காருகிறவர்களுக்கு இனித் தாள் கிடையாது என்று அறிவித்தார். மதினி பெண்களைக் கூப்பிட்டு, என் பொருட்டு உங்கள் அடுப்பு அணைய வேண்டாம், போய்விடுங்கள் என்று சொன்னார். அவர்கள் அடுப்பைப் பற்றி அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். “அண்ணாச்சி, தீவாளிக்கு முந்தி வேற ஆளு கெடச்சா வச்சுக்கிடுங்க” என்று ஏஜெண்டிடம் சொல்லிவிட்டு, எதிர்வீட்டுக்காரி வெறுங்கையோடு வந்து மதினி வீட்டில் உட்கார்ந்தாள். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் வந்தார்கள். அந்த வாரம் அவர்கள் வீடுகளில் என்ன சமைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. சிவகாசியில் அந்த நேரத்தில் சும்மா இருக்கும் கை எங்கும் கிடையாது. வாரக் கடைசியில் வேன் வந்தது, தாள் இறங்கியது. ஏஜெண்டு வண்டியை விட்டு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் கேசட் தீர்ந்தது. வாக்கியத்தின் நடுவில் மதினியின் குரல் தடுமாறியது. இரண்டு சொல் பின்னால் போய்த் திரும்ப வாசித்தது. பிறகு, “எழுத்து தெரியல” என்றது. அப்புறம் வெறும் நாடா ஓடும் ஓசை. பதிந்த அன்று என்ன நடந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மதினிக்குத் தெரியும். அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

“மிச்சம் இருக்கா டீச்சர்?”

“இருக்கு. நாலஞ்சு அத்தியாயம்.”

மதினி உள்ளே போய்ச் சுவரைத் தடவிக்கொண்டு திரும்பி வந்தார். அட்டை கிழிந்த புத்தகத்தை என் மடியில் வைத்தார். எனக்கு அந்த மதம் இல்லை. இருந்த மதத்திலும் வருகைப் பதிவு குறைவு. அரசாணை வாசித்துப் பழகிய குரலில் ஆத்தும ஈடேற்றத்தை வாசித்தால் யார் கேட்பார்கள் என்றேன்.

“நாங்க கேப்போம், வாசிங்க சார்” என்றார்கள். மதினி பதிவுப் பொத்தானை அமுக்கினார்.

மதினி போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. கேசட்டுகள் எல்லாவற்றையும் செல்போனுக்கு மாற்றி வாங்கி வைத்திருக்கிறேன். இப்போது அந்தத் தெருவில் குழாய் சுற்றும் பெண்கள் ஆளுக்கொரு வயரைக் காதில் மாட்டிக்கொண்டு அவரவர் விருப்பப்பட்டதைக் கேட்கிறார்கள். பக்கத்தில் இருப்பவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாது. கைகள் நிற்பதே இல்லை. ஏஜெண்டுகளுக்கு இதைவிட வசதியான ஏற்பாட்டை எந்தச் சட்டமும் செய்து தந்திருக்காது. காலத்துக்கு ஏற்ப மாற வேண்டும் என்று என் மகன் சொல்கிறான். மாறுகிறவர்கள் மாறட்டும்.

கடைசிக் கேசட்டில் இருப்பது என் குரல். நூல் முடிய ஒரு பக்கம் இருக்கும்போது வெளியே வேன் ஹாரன் கேட்கிறது. லோடு ஏற்ற வந்த வேன். நீளமாக, விடாமல் அடிக்கிறது. யாரும் எழுந்த சத்தம் இல்லை. கலெக்டர் ஜீப்பின் ஹாரன் தெருமுனையில் கேட்டாலே வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்று, பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். அந்தக் குரல் ஹாரனுக்கு மேல் கொஞ்சம் உயர்ந்து, அடுத்த வரிக்குப் போகிறது.