எழுந்து நிற்காத ஒருவர்

என் ஆபீஸ் அறையில் ஒரு பழைய பிரம்பு நாற்காலி கிடக்கிறது. வலது கைப்பிடியில் பிரம்பு பிரிந்து, அந்த இடத்தைச் செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டியிருக்கும். தோல் சோபாவும் சுழல் நாற்காலியும் போட்ட அறையில் இந்தக் குப்பை எதற்கு என்று என் மகன்கள் கேட்பார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வேர்க்கடலை விற்ற சினிமாக் கொட்டகை வாசலிலேயே நின்று, பிற்பாடு அந்தக் கொட்டகையையே வாங்கியவன். என் அறையில் எது இருக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்று அவர்கள் வாயை அடைத்துவிடுவேன். அது ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதிய ஒரு கிராணியின் நாற்காலி என்பதை மட்டும் இதுவரை சொன்னதில்லை.

மலாயாவில் வெள்ளைக்காரன் காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில் எனக்கு இருபத்து நாலு வயது. சுங்கை பட்டாணியில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளியின் வேனில் மிஷினையும் படப்பெட்டியையும் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் படம் காட்டினேன். முதலாளிக்குக் கிடைத்ததெல்லாம் யாரும் வேண்டாமென்று தள்ளிய இங்கிலீஷ் படங்கள். எனக்கு இங்கிலீஷ் சுத்தமாக வராது. அதனால் என்ன? மைக்கைக் கையில் கொடுத்தால் எந்தப் படத்துக்கும் கதை சொல்வேன். குதிரையில் வரும் வெள்ளைக்காரன் செர்டாங் கங்காணி மகனாகிவிடுவான். அவன் காதலி குளிம் சந்தையில் மீன் விற்பாள். ஜனங்கள் படம் பார்க்க வந்ததைவிட என் பேச்சைக் கேட்க வந்ததுதான் அதிகம். இதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்து ஆட்கள் யாராவது உயிரோடு இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

சிடாம் கிரிப் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்துக்கு அதற்கு முன் நான் போனதில்லை. தொழிலாளிகள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. மாலை ஆறு மணிக்குக் கதவு பூட்டிவிடுவார்கள். அதற்குமேல் வெளியே நடமாடினால் சுடலாம் என்று சட்டம். ஆகையால் படத்தைப் பகலிலேயே காட்ட வேண்டும். வெளிச்சத்தில் படம் தெரியாது. துரையிடம் பேசி, பழைய புகைக்கூடத்தைத் திறந்து கொடுக்க வைத்தவர் கிராணிதான். ரப்பர் ஷீட்டைப் புகையில் காய வைக்கிற கூடம் அது. ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்திச் சந்துகளில் சாக்கை அடைத்தால், உச்சி வெயிலிலும் உள்ளே கை தெரியாது. சுவரெல்லாம் கரி. எத்தனையோ வருடத்துப் புகை வாடை தொண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

கிராணி ஒல்லியான மனிதர். தோட்டத்தில் சப்பாத்துப் போட்ட தமிழர் அவர் ஒருவர்தான். படப்பெட்டிக்குள் இருந்த இங்கிலீஷ் காகிதத்தை அவர்தான் எனக்கு வாசித்துக் காட்டினார். இரண்டு முறை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, வேற நட்சத்திரத்துல இருந்து ஆளுங்க வர்றாங்களாம். வந்து என்ன பண்றாங்கன்னுதான் வௌங்கல. எழுதுனவனுக்கே வௌங்கலபோல. நீயே ஏதாச்சும் சொல்லிச் சமாளி லா.”

“அதை என்கிட்ட விடுங்க கிராணியையா” என்றேன்.

ஞாயிறு மத்தியானம் கூடம் நிறைந்துவிட்டது. எல்லாரும் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். கிராணிக்கு மட்டும் அவர் வீட்டுப் பிரம்பு நாற்காலியை நடுவில் போட்டிருந்தார்கள்.

அந்த மாதிரிப் படத்தை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. காசில்லாமல் எடுத்த படம் என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. ஒரு வயல், ஒரு வீடு, ஏழெட்டு ஆட்கள், அவ்வளவுதான். பறக்கும் தட்டு கிடையாது. வானத்தில் ஒரு வெளிச்சம் மட்டும். அதற்குப் பிறகு ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். நிற்கிறான், நிற்கிறான், திடீரென்று ஆள் இல்லை. அவன் நின்ற இடத்தில் ஒரு ஜோடி சப்பாத்து மட்டும் இருக்கிறது. யார் கொண்டு போனது, எங்கே போனான், ஒன்றும் சொல்லவில்லை.

“ஆளு எங்கடா? சப்பாத்துதான் இருக்கு” என்று முன்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“கயிறுகூட அவுக்கல பாருங்க! கட்டுன கயிறு கட்டுனபடி, ஆளை மட்டும் உருவிட்டான்!” என்று மைக்கில் சொன்னேன். வழக்கமாக இதற்குக் கூரை இடியச் சிரிப்பார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை. மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் அது வந்தது. வேறு நட்சத்திரத்து ஆளுக்கு முகம் செய்யக் காசில்லையோ என்னவோ, தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு அனுப்பிவிட்டார்கள். திரை முழுக்க அந்தச் சாக்குத் தலை. இரண்டு ஓட்டையும் நம்மையே பார்க்கின்றன. அவசரகாலத்தில் சாக்குத் தலை என்றால் எல்லாருக்கும் தெரியும். சோல்ஜர்கள் ஜனங்களை வரிசையில் விடுவார்கள். லாரியில் ஒருவன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்க வேண்டும். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவனைக் காட்டுக்காரர்களுக்கு அரிசி கொடுத்தவன் என்று கொண்டுபோய்விடுவார்கள். நான் டவுன்காரன்; இதெல்லாம் கேள்விப்பட்டதுதான். ஊர் விஷயத்தைப் படத்தில் கலந்து விடுவதுதான் என் கெட்டிக்காரத்தனம். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, சோல்ஜர் மாதிரிக் குரலைக் கட்டையாக்கிச் சொன்னேன்:

“வரிசையா நில்லுங்க! தலையாட்டப் போறாரு!”

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை, பேசவில்லை. ஆண், பெண், கிழவர், எல்லாரும் தலையைக் குனிந்து, கையைத் தொங்கவிட்டு, ஒருவர் பின் ஒருவராக. அவர்கள் தலைகளின் நிழல் திரையின் அடியில் வரிசையாக விழுந்தது. அவர்களுக்கு மேலே அந்தச் சாக்குத் தலை மெதுவாக மேலும் கீழும் ஆடியது. அப்போது பார்த்தேன். நடுவில் ஒருவர் மட்டும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னம்மா, எதுக்கு எல்லாரும் எந்திரிச்சிட்டீங்க? படம் முடிஞ்சிருச்சா?” என்றார் கிராணி.

அவருக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பால்மரம் வெட்டும் பெண் திரும்பினாள். “காலு மரத்துப் போச்சா கிராணியையா?” என்று கேட்டாள். அவர் சிரித்தார்.

நான் மைக்கைக் கீழே வைத்தேன். படம் ஓடி முடிந்தது. நான் வேனில் சாமான் ஏற்றும்போது அந்த அக்கா வந்து நின்றாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்தத் தோட்டத்திலேயே லாரி வந்ததையும், சாக்குத் தலைக்காரன் நாலு பேரைப் பார்த்துத் தலையாட்டியதையும், அதில் ஒருவன் தன் புருஷன் என்பதையும் சொன்னாள். அன்றைக்குக் கிராணி தோட்டத்தில் இல்லை. காய்ச்சல் என்று சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாராம்.

“வரிசையில நின்ன காலு தானா எந்திரிக்கும் தம்பி. சாக்குக்குள்ள உக்காந்திருந்த காலு ஏன் எந்திரிக்கப் போவுது?”

“சும்மா இரு அக்கா, படம்தானே லா” என்றேன். மணி ஐந்தரை. ஆறு மணிக்குள் நான் வேலியைத் தாண்ட வேண்டும். கிராணி கதவு வரைக்கும் வந்து, “அடுத்த தடவை சிரிக்கிற படமா கொண்டா தம்பி” என்றார். அக்கா சந்தேகப்பட்டதை அவரிடம் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. வேனை எடுத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து அவருடைய சைக்கிள் ஒரு ரப்பர் மரத்தில் சாய்த்து வைத்திருந்ததாகச் சேதி வந்தது. பக்கத்தில் அவர் சப்பாத்து ஜோடியாக இருந்ததாம். கட்டிய கயிறு கட்டியபடி. ஆள் கிடைக்கவே இல்லை. அதைக் கேட்டபோது எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. அவரைக் கொண்டு போனவன் என் படத்தைப் பார்த்தவன். என் குரலைக் கேட்டவன்.

அந்த அக்காவின் புருஷன் இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தான். சாக்குக்குள் இருந்தது யாரென்று அவனுக்கும் தெரியவில்லை. புதுக் கிராணி அந்த நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று வெளியே போட்டுவிட்டார். நான் போய் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

எந்தப் படத்துக்கும் கதை சொன்னவன் என்று பெருமை பேசுகிறேன். அன்றைக்கு மைக்கில் சொல்ல வேண்டிய ஒரே வார்த்தை எனக்கு அந்தச் சப்பாத்துச் சேதிக்குப் பிறகுதான் வந்தது. வரிசையில் நிற்காதவன் கால் ஏன் எழும்ப வேண்டும்? ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவனுக்கும் எழும்பாது. டவுனில் இருந்தவனுக்கும் எழும்பாது. அந்தக் கூடத்தில் வரிசையில் நின்று பழகாதவர்கள் இரண்டு பேர்; அவரும் நானும். நான் மிஷினை ஓட்டியபடி நின்றுகொண்டிருந்தேன். அதனால் என்னை யாரும் பார்க்கவில்லை.

போன வாரம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். செம்புக் கம்பி கையில் சில்லென்று பட்டது. விளக்கை அணைத்தேன். பழைய மைக்குக் குரலில், “வரிசையா நில்லுங்க” என்று சொல்லிப் பார்த்தேன்.

என் கால் அசையவில்லை.