கல்யாண வாசலில் முச்சந்தி அடி

உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் எந்த மேளம் வாசிக்கலாம், எந்த மேளம் வாசலைக்கூட மிதிக்கக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? யோசித்துப் பாருங்கள். யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள். ஆனாலும் தெரியும். தோலும் மரமும் சேர்ந்த ஒரு கருவி மங்கலம். அதே தோலும் மரமும் சேர்ந்த இன்னொரு கருவி அமங்கலம். அடிப்பவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பது நம் காதுக்கு அவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது.

வியாசர்பாடி போர்டு வீடுகளில் குடியிருந்த மலிகாவுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. காசிமேட்டில் இறால் உரிக்கும் ஷெட்டில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க ஐஸில் ஊறிய விரல்கள் சாயங்காலம் பேருந்துக் கம்பியைப் பிடிக்கும்போதுதான் அவளுடைய விரல்களாகத் திரும்பி வரும். முப்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குள் ஊர் அவளுக்கு ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்துவிட்டது. விசேஷ வீடுகளில் பின்வரிசை. மணப்பெண் வெளியே வரும் நேரம் பார்த்து, யாரும் சொல்லாமலே சமையல் பக்கம் ஒதுங்கிவிட வேண்டும்.

அவள் புருஷன் லோகநாதன் தொண்ணூற்று ஒன்பதில் செத்தான். எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் எண்ணெய்த் தொட்டி கழுவ இறக்கினார்கள். தொட்டிக்குள் மூச்சுவிடக் காற்றில்லை. இடுப்பில் கயிறு கட்டவில்லை. மேலே நின்று பார்த்துக்கொள்ள ஆள் போடவில்லை. ஆனால் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பொண்ணோட நட்சத்திரம் இன்னா?" என்றுதான் கேட்டார்கள்.

அன்று பாடையோடு மேளம் கிளம்பியது. ஆண்கள் அழுதுகொண்டே ஆடினார்கள், ஆடிக்கொண்டே அழுதார்கள். பெண்கள் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று அவளை உள்ளேயே பிடித்து வைத்தார்கள். தெரு முச்சந்தியில் பாடையை இறக்கி வைத்துச் சரவெடி கொளுத்தும் வழக்கம் அந்தப் பக்கத்தில் உண்டு. வெடி படபடக்க ஆரம்பித்ததும் மேளக்காரர்கள் நடை அடியை விட்டு, சுழன்று சுழன்று ஏறும் ஒரு வேக அடிக்கு மாறுவார்கள். முச்சந்தி அடி என்பார்கள். அந்த அடி சுவரைத் தாண்டி வந்து மலிகாவின் விலாவைப் பிடித்து உலுக்கியது. கத்தி அழவும் வேண்டும், எழுந்து ஆடவும் வேண்டும் போலிருந்தது. அதில் ஒன்றுக்குத்தான் அவளுக்கு அனுமதி இருந்தது.

மூன்று வருடம் கழித்து ஓர் ஏப்ரல் பதினான்கு. போர்டு வீடுகளுக்கு நடுவிலுள்ள மைதானத்தில் மேடை போட்டிருந்தார்கள். பேச்சுகள் முடிந்து "தகரம்" என்று ஒரு குழு ஏறியது. மேடையில் எண்ணெய் பீப்பாய், லாரியின் பிரேக் டிரம், எங்கிருந்தோ கழற்றி வந்த கண்டெய்னர்த் தகடு. ஒரு மூலையில் கீபோர்டு. நடுவில் பறையோடு மண்ணாங்கட்டி. முன்னால் பிறந்த குழந்தைகள் தங்காததால் எமனை ஏமாற்ற அப்படிப் பேர் வைத்திருந்தார்கள். இருபது வருடமாகச் சாவு வீடுகளுக்கு அடித்தவர். கீபோர்டுக்காரன் டென்னிஸ் அவரை முதலில் சந்தித்ததே ஒரு கல்லறைத் தோட்ட வாசலில்தான். இவன் ஞானப்பாட்டு வாசிக்க வந்தான், அவர் மேளத்தோடு வந்தார். இரண்டும் ஒன்றோடொன்று மோதியபோது எல்லோரும் காதைப் பொத்தினார்கள். இவர்கள் இருவர் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பாட்டே இல்லை. துறைமுகச் சங்கு ஊதுவது போல கீபோர்டில் ஒரே சுரம் நீண்டு கிடந்தது. அதன்மேல் தகடு அதிர்ந்தது.

"இன்னாபா இது, பாத்திரக் கடையா? சினிமாப் பாட்டு போடுபா!" என்று ஒருவன் கத்தினான்.

"வூட்ல ரேடியோ கீதுல்ல, போய்க் கேளு!" என்றார் மண்ணாங்கட்டி, கையை நிறுத்தாமலே.

அப்புறம் அந்த அடி வந்தது. பீப்பாயின் அடிவயிற்றுச் சத்தத்தின் மேல் ஏறி, சுழன்று, முச்சந்தி அடி. பாடை இல்லை, பிணம் இல்லை. பையன்கள் குதித்து ஆடினார்கள். பெண்கள் பக்கத்தில் கடைசியில் நின்ற மலிகாவின் பாதம் தானாகத் தரையைத் தட்டியது.

"இன்னாமே, கால் சும்மா இருக்க மாட்டேங்குது?" என்று இடித்தாள் அவளோடு ஷெட்டில் வேலை செய்யும் ராஜாத்தி.

"கொசு கட்ச்சுது."

"கொசு தாளத்தோட கடிக்குதா உனுக்கு?"

அன்றிலிருந்து தகரம் எங்கே வாசித்தாலும் மலிகா போனாள். கடலோரக் குடிசைகளைப் பிய்த்து எடுத்து வந்து குடிவைத்திருந்த எர்ணாவூர் குடியிருப்பில் பாதியில் மின்சாரம் போனது. வெறும் தகரத்தையும் தோலையும் வைத்தே முடித்தார்கள். விம்கோ நகரில் ஒரு தொழிற்சங்கக் கூட்டம். நாற்காலியில் இருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து போனார்கள், மீதிப் பேர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஆடினார்கள். ஒவ்வொரு இடத்திலும் அவள் கொஞ்சம் முன்னால் வந்து நின்றாள். ஆனால் ஆடவில்லை. ஆட வேண்டும் என்ற ஒரே ஆசையைத் தொண்டையில் முள் மாதிரி வைத்துக்கொண்டு திரும்பினாள்.

விம்கோ நகரில் மண்ணாங்கட்டி அவளை அடையாளம் கண்டுகொண்டார். "ந்தா தங்கச்சி, எர்ணாவூர்லயும் நின்னுகினு இருந்த இல்ல? இன்னாத்துக்கு வெறிச்சினு நிக்கிற? முன்னால வந்து ஆடு."

"நான் தாலி அறுத்தவண்ணே."

"நான் சாவு மோளம் அட்ச்சவன். நம்ம ரெண்டு பேரையும் எவனும் கல்யாணத்துக்குக் கூப்ட மாட்டான். பின்ன இன்னா பயம் உனுக்கு?"

அவர் சொன்னது ஒரு பாதி தப்பாகிப் போனது. கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள்.

டென்னிஸின் தாய்மாமன் தவசிமுத்து, திருவொற்றியூரில் மளிகை மொத்த வியாபாரி. தெற்கேயிருந்து வந்து உழைத்து மேலே வந்தவர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவார். பூனை குறுக்கே போனால் வண்டியைத் திருப்புவார். கர்த்தரும் பூனையும் அவர் மனதில் சண்டையில்லாமல் குடியிருந்தார்கள். மகள் தேவகிருபையின் வரவேற்புக்குத் தகரம் வாசிக்கட்டும் என்று டென்னிஸ் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தான். ஒரே நிபந்தனை: சாவு அடி ஒன்றுகூட விழக் கூடாது. மண்ணாங்கட்டி தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

மலிகாவுக்கு அழைப்பு ஏது? ஷெட்டிலிருந்து நேராக வந்து, மண்டப கேட்டுக்கு வெளியே சாலையோரம் ராஜாத்தியோடு நின்றாள். உள்ளே எல்லாம் நன்றாகத்தான் போனது. கோட்டு போட்ட பெரியவர்கள்கூடத் தோளை அசைத்தார்கள். மணமக்களின் கார் வாசலுக்கு வந்தது. மாப்பிள்ளையின் நண்பர்கள் சரவெடியைக் கொளுத்தினார்கள்.

வெடி படபடத்தது. மண்ணாங்கட்டியின் கை மாறியது.

அவர் மாற்றவில்லை. வெடிச் சத்தம் கேட்டால் எந்த அடிக்குப் போக வேண்டும் என்பது இருபது வருடமாக அந்தக் கைக்குத் தெரியும். மனிதரைக் கேட்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. முச்சந்தி அடி மண்டபத்து அலங்கார விளக்குகளுக்கு நடுவே சுழன்று ஏறியது. கேட்டுக்கு வெளியே மலிகாவின் காலும் யாரையும் கேட்கவில்லை. கையில் சாப்பாட்டுத் தூக்கு, புடவையில் இறால் நாற்றம். நடுரோட்டில் அவள் ஆடினாள்.

சில நொடிகள்தான். தவசிமுத்து மேடைமேல் பாய்ந்தார். "எலே, நிறுத்துங்கலே! எம் மவ கல்யாணத்துல பொணம் எடுக்குத அடியா அடிக்கிய? டென்னிசு, நீயெல்லாம் ஒரு மருமவனாலே?"

வாசலில் மலிகாவை அடையாளம் தெரிந்த ஒரு பெண் கை நீட்டினாள். "அய்யய்யோ, அங்க பாருங்க! அவ அறுத்தவ. பொண்ணு எறங்கச்சொல எதுர்ல நின்னு ஆடிகினு கீறா!"

தவசிமுத்துவின் முகம் வெளுத்தது. "எம் மவளுக்கு ஒரு குறை வந்துச்சின்னா, அது உங்க எல்லாரு தலையிலயும்தாம்லே" என்றார். குரல் உடைந்திருந்தது. மனிதர் கொடியவரல்ல, பயந்தவர். பயத்தை யார் அவருக்குள் ஊற்றினார்களோ அவர்கள்மேல்தான் கோபம் வருகிறது.

தகரம் அன்றோடு நின்றது. மலிகா தேடிப் போனபோது மண்ணாங்கட்டியின் பறை ஆணியில் தொங்கியது.

"திரும்ப வாசிண்ணே."

"டென்னிசு இல்லாம இன்னா வாசிக்கிறது? அவன் மாமன் பொண்ணு நல்லா கீதுன்னு தெரிஞ்சாத்தான் அவன் மூஞ்சியக் காட்டுவான். எனுக்கும் அப்டித்தான்."

இப்படியாக, ஒரு புதுப்பெண்ணின் குடும்பத்தில் ஏதாவது நடந்துவிடுமோ என்று எல்லோரும் காத்திருந்தார்கள். காத்திருந்தால் ஏதாவது நடக்காமல் இருக்குமா? மழைக்காலத்தில் தேவகிருபையின் கணவர் ஸ்கூட்டரோடு விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். டென்னிஸ் கீபோர்டைத் துணியில் சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிட்டான் என்று செய்தி வந்தது.

மலிகா அன்று ஷெட்டில் உரித்த இறாலை ஓட்டுக் குவியலில் போட்டாள், ஓட்டை எடைத் தட்டில் போட்டாள். "இன்னாமே ஆச்சு உனுக்கு?" என்றாள் ராஜாத்தி. மலிகா தட்டிலிருந்த ஓட்டைத் திரும்பப் பொறுக்கினாள். லோகநாதன் செத்தபோது ஊர் சொன்னதை அவள் ஒருபோதும் முழுதாக நம்பியதில்லை. இப்போது நம்ப ஆரம்பித்திருந்தாள். ஆடியதால்தானோ? தன் கால்தான் இன்னொருத்தி புருஷனின் காலை முறித்ததோ?

மறுநாள் வேலைக்குப் போகாமல் ராயபுரத்தில் தேவகிருபையின் வீட்டைத் தேடிப் போனாள். மன்னிப்புக் கேட்டுவிட்டு, இனி எந்த மேடைப் பக்கமும் தலைவைப்பதில்லை என்று சொல்லிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

தேவகிருபை கதவைத் திறந்தாள். உள்ளே கட்டிலில் மாவுக்கட்டோடு கணவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். மலிகா வாசலிலேயே நின்று, தான் யார் என்பதைச் சொல்லிக் கைகூப்பினாள்.

தேவகிருபைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துவிட்டாள். "ரோட்டுல குழி கெடந்துச்சிக்கா. மழைத் தண்ணி நின்னதுல தெரியல. அந்தக் குழியை நீங்க வந்தா வெட்டுனிய? இல்ல, மண்ணாங்கட்டி அண்ணாச்சி பறையால வெட்டுனாவளா?"

"இல்லம்மா, நான் எதுர்ல நின்னு..."

"நீங்க ஆடுனத நான் கார்லேருந்து பாத்தேன். எனக்கும் எறங்கி ஆடணும்போல இருந்துச்சி. அப்பா நிறுத்துனப்பதான் எனக்கு அழுகை வந்துச்சி. வீடியோவில நான் அழுதுட்டு நிக்கது அதுக்குத்தான்."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அந்தக் குழியை மூடச் சொல்லி மனு எழுதிக்கிட்டிருக்கேன். சாட்சிக்கு ஒரு கையெழுத்துப் போடுறீங்களா?"

பேருந்தில் திரும்பும்போது மலிகாவுக்கு அந்த வார்த்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. குழி. ரோட்டில் ஒரு குழி இருந்தது. எண்ணூரில் ஒரு தொட்டி இருந்தது. அதில் காற்றில்லை. அவள் நட்சத்திரத்தில் ஏதும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. அதைத் தெரிந்துகொள்ள இத்தனை வருடம் ஆனதே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தோடே போய் மண்ணாங்கட்டியின் ஆணியிலிருந்து பறையைக் கழற்றினாள்.

"யாரக் கேட்டு எட்த்த?"

"யாரையும் கேக்கல. அந்தப் பொண்ணு நல்லா கீது, நானே போய்ப் பாத்தேன். ஏப்ரலுக்கு மேடை கீது. தோலைக் காய வைண்ணே."

அந்த ஏப்ரலில் மைதானத்துக்கு முதலில் வந்து இறங்கியது ஓர் ஆட்டோ. டென்னிஸ் கீபோர்டை அணைத்துக்கொண்டு இறங்கினான். பின்னால் அவனைக் கையோடு கூட்டி வந்த தேவகிருபை. அவள் கணவர் கைத்தடியை ஊன்றி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தவசிமுத்து வரவில்லை, அவருக்குள் இருந்த பயம் ஒரு வருடத்தில் போகிற பயமல்ல.

தகரம் வாசித்தது. சங்குச் சுரம், தகடு, பீப்பாய். நடை அடியிலேயே மண்ணாங்கட்டி சுற்றிக்கொண்டிருந்தார். வேக அடிக்குப் போக அவர் கை இன்னும் கூசியது. மலிகா ராஜாத்தியைப் பார்த்தாள். ராஜாத்தி முந்தானைக்குள்ளிருந்து ஒரு சரவெடியை எடுத்து மைதானத்தின் ஓரத்தில் வைத்துப் பற்றவைத்தாள்.

"அடிப்பாவிங்களா!" என்றார் மண்ணாங்கட்டி. அதற்குள் கை மாறிவிட்டது.

மலிகா பின்வரிசையிலிருந்து நடந்தாள். பெண்கள் பக்கத்தைத் தாண்டினாள். ஆடிக்கொண்டிருந்த பையன்கள் தாமாக விலகினார்கள். மேடைக்கு நேர் முன்னால் நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஆடினாள். அழுதாளா என்றால், அழுதாள். ஒன்றுக்குத்தான் அனுமதி என்று யாரும் சொல்ல அங்கே இல்லை. "யக்கோவ், எனுக்கும் எடம் வுடு" என்று ராஜாத்தி வந்தாள். தேவகிருபை வந்தாள். பின்வரிசை முழுவதும் எழுந்து வந்தது. நாற்காலியில் கைத்தடி தாளம் தவறித் தட்டிக்கொண்டிருந்தது.

மலிகா இப்போதும் இறால் உரிக்கிறாள். தகரம் இப்போதும் கூப்பிட்ட இடத்துக்குப் போகிறது. அவளும் போகிறாள், முன்வரிசைக்கு. கல்யாணங்களுக்குத்தான் இன்னும் அவ்வளவாகக் கூப்பிடுவதில்லை. அது உங்கள் கையில் இருக்கிறது. அடுத்து உங்கள் வீட்டில் ஒரு விசேஷம் வரும்போது அந்தப் பறையைக் கூப்பிடுங்கள். சமையல் பக்கம் ஒதுங்கி நிற்கும் பெண்ணைப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து முன்னால் நிறுத்துங்கள். வெடியையும் நீங்களே கொளுத்துங்கள்.