கார்களுக்கு நடுவே இலைக்கட்டு

ஸ்ரீரங்கத்தில் சைக்கிள் கடை வாசல், ஞாயிறு விடிகாலை. ஜீயபுரம் வரை கூட்டமாகப் போகும் ரைடுக்கு வாடகை சைக்கிளோடு நிற்கிறேன். மற்றவர்கள் சைக்கிளைக் காரில் ஏற்றி வந்திருக்கிறார்கள். தெருவின் இருபுறமும் கார்கள். நடுவில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள்.

கேரியரில் வாழையிலைக் கட்டோடு சைக்கிளில் வந்த பெரியவர், வழியின்றி இறங்கி நிற்கிறார்.

"மெஸ்ஸுல டிபனுக்கு இலை வேணும். இவங்க எங்க போறாங்க?" என்று என்னைக் கேட்கிறார்.

"ஜீயபுரத்துக்குங்க."

"நான் அங்கேருந்துதான் மிதிச்சுட்டு வரேன். இதுக்கு எதுக்குங்க காரு?"

"ஓரமாப் போப்பா, ரைடு கிளம்புது!" என்று அவரை அதட்டுகிறார் ரைடை நடத்துகிறவர்.

ஓரம் எங்கே இருக்கிறது? அங்கேயும் இவர்கள் கார்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதட்டியவர் முன்னால் என் சைக்கிளைக் குறுக்கே நிறுத்துகிறேன்.

"முதல்ல இலை போகட்டும் சார்."