பாஸ்வேர்டை மாற்றியது நான்தான்

பூனைக்குத் தானியங்கிக் கழிப்பறைப் பெட்டி செய்து விற்கிற அந்தக் கம்பெனிக்காரர்கள் பொய்யர்கள். பூனையின் உயிரைக் காப்பாற்றும் என்று சொல்லி என் மகளிடம் விற்றார்கள், காப்பாற்றவில்லை. போன தை மாதம் ஆரணியில் எங்கள் வீட்டில் நடந்ததை யார் கேட்டாலும் நான் இப்படித்தான் ஆரம்பிப்பேன். ரொம்ப நாள் இதோடு நிறுத்தியும் விடுவேன். இன்றைக்கு மீதியையும் எழுதுகிறேன்.

பட்டுப் புடவைகளின் முந்தானையில் குச்சு கட்டுவது என் தொழில். வீட்டில் உட்கார்ந்தே செய்கிறேன். வீட்டுக்காரர் இறந்து நாலு வருடம் ஆகிறது. ஒரே மகள், பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவள் அங்கே ஒரு ஆண் பூனை வளர்த்தாள். சோளக் கதிர் நிறம், அதனால் பெயரும் சோளம். புதிதாகப் போன விடுதியில் பூனை கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பொங்கலுக்கு வந்தவள் சோளத்தை என்னிடம் விட்டுவிட்டு, கூடவே அந்தப் பெட்டியையும் வைத்துவிட்டுப் போனாள்.

பெட்டி என்றால் பார்ப்பதற்கு வாஷிங் மெஷின் மாதிரி இருக்கும். உள்ளே மண் கொட்டியிருக்கும். பூனை ஏறி வேலையை முடித்துவிட்டு இறங்கியதும் உருளை தானாகச் சுற்றி, கழிவைக் கீழே இருக்கிற தட்டில் தள்ளிவிடும். பூனை எத்தனை முறை போனது, எவ்வளவு நேரம் உட்கார்ந்தது, என்ன எடை, எல்லாம் வைஃபை வழியாக மகளுடைய போனுக்குப் போய்விடும். என் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்திருந்தாள். போன வருடம் ஒருமுறை சோளத்துக்கு நீர் அடைத்துக்கொண்டு, பெங்களூர் டாக்டர்தான் பிழைக்க வைத்தாராம். ஆண் பூனைக்கு அது திரும்பவும் வரும், வந்தால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும், அதனால்தான் சம்பளத்தில் மிச்சம் பிடித்து இந்தப் பெட்டியை வாங்கினேன் என்று சொன்னாள். நான் குச்சு முடிந்துகொண்டே "சரி சரி" என்றேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி இருவரும் தறி நெய்கிறவர்கள். அவள் என்னைவிடச் சின்னவள், அக்கா என்று கூப்பிடுவாள். இரண்டு வருடமாக என் வீட்டு வைஃபையில்தான் புடவைப் படங்களைக் கடைக்காரர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். அவள் கேட்டு வாங்கவில்லை. நானாகத்தான் பாஸ்வேர்டைச் சொன்னேன். இது முக்கியம், அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு இழைகளைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரிசெய்வார்கள். அதற்குப் பாவு என்று பெயர். அன்றைக்குக் காலையில் அவர்கள் பாவு இழுத்துக் கட்டியிருந்தார்கள். நான் பால் வாங்கக் கதவைத் திறந்த நேரத்தில் சோளம் வெளியே ஓடி, ஒரே தாவலில் அந்தப் பாவின் மேல் விழுந்தான். நகம் மாட்டிக்கொண்டது. பயந்துபோய் உதறினான். நாற்பது ஐம்பது இழை அறுந்துவிட்டது. ஒவ்வொன்றையும் கையால் முடிய வேண்டும்.

"இன்னாக்கா இது? வளக்கத் தெரிலன்னா எதுக்குக்கா பூனைய வெச்சிகினு கீறீங்க? எங்க ரெண்டு நாள் வேல போச்சேக்கா" என்றாள்.

அவள் கேட்டது நியாயம். மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டு நானும் உட்கார்ந்து நாலு இழை முடிந்திருக்கலாம். எனக்குத்தான் முடிச்சுப் போடுவது கைவந்த வேலையாயிற்றே. ஆனால் பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "பூனைக்கும் ஒரு பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வெய்மா" என்று சொல்ல, நின்றிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"ரெண்டு வருசமா என் வைஃபைய ஓசில இழுத்துகினு கீற. நீ எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியா? திருடி!" என்று கத்தினேன்.

தெருவில் பதினைந்து பேராவது இருந்திருப்பார்கள். அவள் முகம் சிறுத்துப்போய்விட்டது. ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் அறுந்த இழையைத் தேட ஆரம்பித்தாள்.

அன்று மத்தியானமே இன்டர்நெட் போட்டுக்கொடுத்த கேபிள்காரரைக் கூப்பிட்டுப் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். "மாத்திட்டா வூட்ல கீற எல்லாத்துலயும் புதுசா போடணும்மா" என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். போனில் போட்டேன், டிவியில் போட்டேன். பெட்டியும் வைஃபையில்தான் ஓடுகிறது என்பது என் மண்டையில் ஏறவில்லை.

சாயந்திரம் மகள் போன் செய்தாள்.

"மா, பொட்டி ஆஃப்லைன்னு காட்டுதும்மா. கரன்ட் இல்லியா?"

"ஆமா, போய்ப் போய் வருது" என்றேன்.

பொய். பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை என்று சொன்னால் என்னைத்தான் திட்டுவாள் என்று தெரியும். இணைப்பு இல்லாவிட்டாலும் பெட்டி தன் பாட்டுக்குச் சுற்றிச் சுத்தம் செய்துகொண்டுதான் இருந்தது. மகளுக்குச் செய்தி போகவில்லை, அவ்வளவுதான். இதில் என்ன கெட்டுப்போய்விடும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையிலிருந்து அவள் விடவில்லை. எப்படியாவது இணைத்துவிடு என்று சொல்லி, அலுவலகத்தில் இருந்துகொண்டே செய்முறையை எழுதி அனுப்பினாள். பெட்டியின் பின்னால் இருக்கிற பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். நீல விளக்கு மின்னும்போது போனில் வைஃபை பெயரைத் தேர்ந்தெடுத்துப் பாஸ்வேர்டைப் போட வேண்டும். என் வைஃபை இரண்டு பெயரில் வந்தது. ஒன்றின் பின்னால் 5ஜி என்று இருந்தது. பெரியதுதானே நல்லது என்று அதைத்தான் தொட்டேன். விளக்கு சிவப்பாகிவிட்டது. மறுபடி செய்தேன், மறுபடி சிவப்பு. அன்று முழுவதும் இதே பேஜார்.

கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போட்டேன். எடுத்த பெண், "எந்த நெட்வொர்க் செலக்ட் பண்றீங்க மேடம்?" என்று கேட்டாள்.

"என் வூட்டு நெட்வொர்க்தான். பின்ன, பக்கத்து வூட்டுதையா போடுவேன்?"

அவள் மேலே சொல்ல வந்ததையும் சொல்ல விடாமல் திட்டிவிட்டு வைத்தேன்.

இதற்கு நடுவில் சோளம் சும்மா சும்மா பெட்டிக்குள் ஏறினான். உட்காருவான், முதுகை வளைப்பான், இறங்குவான். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் ஏறுவான். அவன் ஏறினால் பெட்டி அவனை எடை போட ஆரம்பித்துவிடும். நான் பாடுபட்டு மின்ன வைத்த நீல விளக்கு அணைந்துவிடும். நான் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ அவன் பிடரியைப் பிடித்து வெளியே இழுத்து, சமையலறையில் போட்டுக் கதவைச் சாத்தினேன். உள்ளேயிருந்து கத்தினான். அடித்தொண்டையிலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம். கொழுப்பு என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரிதான் திறந்து விட்டேன்.

ராத்திரி மகள் கேட்டாள்: "சோளம் ஒழுங்கா ஒண்ணுக்குப் போறானாம்மா?"

"எல்லாம் போறான், நீ வேலையப் பாரு" என்றேன். அவன் இறங்குகிற ஒவ்வொரு முறையும் பெட்டி சுற்றியது. சுற்றினால் போய்விட்டான் என்றுதானே அர்த்தம்? கீழ்த் தட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்திருந்தால் அதில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றாள். படி ஏறவில்லை.

"அக்கா, உங்க பூனை நேத்துலேர்ந்து ஒரு மாதிரி கத்திகினே கீது. சொவரு வழியா கேக்குது. எங்கம்மா வூட்ல ஒரு கடுவன் பூனை இப்படித்தான் முக்கிகினே இருந்துச்சு. ஒண்ணுக்கு அடைச்சிகினு இருக்கும்க்கா. ஜல்தியா டாக்டராண்ட காட்டுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வைஃபை வேணும்னா நேரா கேளு. பூனையச் சாக்கு வெச்சிகினு வராத."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு போய்விட்டாள். நான் சோளத்தை மறுபடி சமையலறையில் போட்டுச் சாத்திவிட்டு, பெட்டியின் பொத்தானை அழுத்தினேன்.

மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு, கை தவறி அந்த இன்னொரு பெயரைத் தொட்டுவிட்டேன். 5ஜி இல்லாத பெயர், பெட்டி அதில்தான் இணையுமாம். நீல விளக்கு மின்னுவது நின்று அப்படியே எரிந்தது. இணைந்துவிட்டது! எனக்கு அவ்வளவு சந்தோஷம். "பாத்தியா, நானே போட்டேன்" என்று மகளுக்குச் சொல்லப் போனை எடுத்தேன். அதற்குள் போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. பெட்டி மூன்று நாள் கணக்கையும் தனக்குள்ளேயே வைத்திருந்து, மொத்தமாகக் கொட்டியது. அடுத்த நிமிடம் மகளே கூப்பிட்டாள்.

"மா! சோளம் எங்கம்மா? நேத்துலேர்ந்து முப்பது வாட்டிக்கு மேல போயிருக்கான். ஒரு வாட்டி கூட ஒண்ணும் வரலம்மா. எங்கம்மா அவன்?"

சமையலறைக் கதவைத் திறந்தேன். சிலிண்டருக்குப் பின்னால் படுத்திருந்தான். கத்தவில்லை. தூக்கினேன், வயிறு கல் மாதிரி இருந்தது.

கூடையில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரி தறியை விட்டு இறங்கி வந்தாள். கூடையைப் பார்த்ததும் முனையில் இருந்த ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டாள். அவளும் ஏறிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற மாட்டு டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போச்சு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மூன்று நாளும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியவில்லை. குழாய் விட்டு எடுக்க வேண்டும், அதற்கு இங்கே வசதி இல்லை, உடனே வேலூர் போங்கள் என்றார்.

அதே ஆட்டோவில் போனோம். அவள்தான் கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணமங்கலம் தாண்டியிருப்போம். அவள் முந்தானையால் கூடையை மூடினாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்:

"அக்கா, வண்டியத் திருப்பச் சொல்லட்டுமா?"

எனக்குப் புரிந்தது. ஆட்டோ திரும்பியது.

மகள் கம்பெனியின் இணையப் பக்கத்தில், ஊரே பார்க்கிற மாதிரி, உங்கள் பெட்டி மூன்று நாள் வேலை செய்யவில்லை, என் பூனை செத்துவிட்டது என்று எழுதினாள். நானும் சந்தோஷப்பட்டேன், மாட்டட்டும் என்று. நாலு நாள் கழித்து அவர்கள் அதற்குக் கீழேயே பதில் போட்டார்கள். பெட்டியில் பழுது இல்லை. பெட்டி வைத்திருந்த கணக்குப்படி, இன்ன நாள் மத்தியானம் வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டு மாற்றப்பட்டிருக்கிறது. மகள் அதை எனக்கு அனுப்பிவிட்டு ஒரே ஒரு வரி கேட்டிருந்தாள். யார் மாற்றியது?

போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மணி நேரம் திட்டினாள். அழுதுகொண்டே திட்டினாள். "உனக்கு வாய் மட்டுந்தாம்மா கீது, காதே கெடையாது" என்றாள். இரண்டு வாரம் பேசவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் போன் செய்து "சாப்டியா?" என்று கேட்டாள். எனக்கு அது புரிகிறது. திட்டினாள், ஓய்ந்தது, மறுபடி பேசுகிறோம்.

பக்கத்து வீட்டுக்காரி திட்டவில்லை. புதுப் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். நான் பேசினது தப்பு என்று சொன்னேன். என் வாழ்க்கையில் அப்படிச் சொன்னது மிகக் குறைவு. அவள் தறியை நிறுத்தாமலே, "விடுங்கக்கா, போனது போச்சு" என்றாள். தாளை நீட்டினேன். "வாணாம்க்கா, நாங்க தனியா போட்டுகினோம்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். இன்றைக்கும் தெருவில் பார்த்தால் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இது வெளிவருகிற வார இதழை அவள் படிக்கிறவள். அதனால் இனி எழுதுவது அவளுக்கு.

நீ 'விடுங்கக்கா' என்று சொன்னதை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை. உன் வீட்டுக்குள் வந்து நான் கேட்ட மன்னிப்பும் மன்னிப்பு இல்லை. கதவுக்குள் கேட்டது அது. உன்னைத் திருடி என்று நான் சொன்னதைத் தெருவே கேட்டது. என் பூனைக்காக நீ என் வாசலில் வந்து நின்றதையும், நான் உன்னை விரட்டியதையும் அதில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. மூன்று நாள் ஒரு பெட்டியைப் பேச வைக்கப் போராடினேன். அந்த மூன்று நாளும் எனக்குப் புரிகிற மாதிரிப் பேசியது நீயும் அந்த வாயில்லா ஜீவனும்தான். அது இனிப் பேசாது. நீ பேசலாம். இது அச்சில் வந்த மறுநாள் காலையில், பால்காரர் உட்பட எல்லோரும் தெருவில் இருக்கிற நேரத்தில் நான் வாசலில் நிற்கிறேன். நீ எனக்குச் சொல்ல வேண்டியதை அவர்கள் முன்னால் சொல். அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, எனக்குப் பதில் சொல்.